சிவப்பு, வெள்ளை, சிவப்பு: கெல்வின் பிரபுவும் விலக முடியாத கப்பலும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுகிற ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவுகள். நீங்க நீலகிரிக்காரரா இருந்தா கண்ணை மூடிக்கிட்டே அதை எண்ணிடுவீங்க. கீழேயிருந்து வந்து படிக்கிறவரா இருந்தா, அட்மிஷனுக்கு வந்த அன்னிக்கு எண்ணுற நிலைமையிலேயே இருந்திருக்க மாட்டீங்க. கையில எலுமிச்சம்பழம்தான் இருந்திருக்கும்.

அந்த ரோட்டுல ரெண்டு விஷயத்தைக் கவனிச்சுப் பாருங்க. முதல் விஷயம்: ரெண்டு வண்டி போக இடமில்லாத குறுகலான மலைப்பாதையில், இறங்கி வர்ற வண்டிதான் ஓரமா நின்னு, ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும். ஏன்? சிமென்ட் மூட்டை ஏத்திக்கிட்டு முதல் கியரில் முக்கி முனகி வர்ற லாரி மேட்டில் ஒருதடவை நின்னா, மறுபடி கிளம்புறது பெரும்பாடு. விலக முடியாதவனுக்கு விலக முடிஞ்சவன் வழி விடணும். இது மரியாதை மட்டும் இல்லை, சட்டமும் கூட.

ரெண்டாவது விஷயம்: மூடுபனி இறங்கிட்டா, புதுசா வண்டி ஓட்ட வந்தவர் பயந்துபோய் ஹை பீம் போடுவார். உடனே கண்ணுக்கு முன்னால ஒரு வெள்ளைச் சுவர். வெளிச்சம் கூடக் கூட ரோடு மறையும். மலையில் பழகின டிரைவர் விளக்கைத் தாழ்த்தி, மெதுவா, வளைவுக்கு முன்னால ஹாரன் அடிச்சுப் போவார்.

இந்த ரெண்டு விஷயமும் கடலுக்கும் பொருந்தும். அதைத் தன் வாழ்க்கை முழுக்கப் பார்த்த ஒரு மனுஷரைப் பத்திதான் சொல்லப் போறேன். அவர் உங்களுக்குத் தெரிஞ்சவர்தான். தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் 273 கூட்ட மறந்தா மார்க் போகுமே, அந்த கெல்வின். ஆனா கெல்வின் என்றால் ஒரு அளவு, ஒரு எழுத்து என்பதோடு நாம் நிறுத்திக்கிறோம். அவர் புயலில் கப்பல் ஏறியவர், ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தவர், விளக்கு சிக்னல் மூலமா கல்யாணம் நிச்சயம் பண்ணிக்கிட்டதா கதை சொல்லப்படுறவர் என்பதெல்லாம் எந்த சிலபஸிலும் இல்லை.

பத்து வயதில் காலேஜ்

வில்லியம் தாம்சன் 1824 ஜூன் 26 அன்று அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். ஆறு வயதில் அம்மா இறந்துபோனார். அப்பா ஜேம்ஸ் தாம்சன் கணக்கு வாத்தியார். 1832-ல் அவருக்கு ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை கிடைக்க, குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. பத்து வயதிலேயே வில்லியம் அந்தப் பல்கலைக்கழக வகுப்புகளில் உட்கார ஆரம்பித்துவிட்டார்.

பதினாறு வயது வாக்கில் அவர் கையில் ஒரு பிரெஞ்சுப் புத்தகம் கிடைத்தது. வெப்பம் ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது என்று ஃபூரியே எழுதிய புத்தகம். ஆமாம், மூணாவது செமஸ்டர்ல நம்ம தூக்கத்தைக் கெடுத்த அதே ஃபூரியே. நாம பாஸ் ஆனதும் மூடி வெச்ச அந்தக் கணக்கை இவர் விடவே இல்லை. பிற்காலத்தில் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் அதே கணக்குதான் அவருக்குக் கைகொடுத்தது.

அப்புறம் கேம்பிரிட்ஜ். படிப்பு மட்டுமில்லை, படகுப் போட்டியிலும் ஜெயித்தார். 1845-ல் கணிதத் தேர்வில் இரண்டாமிடம். அடுத்த வருஷமே, 22 வயதில், கிளாஸ்கோவில் இயற்பியல் பேராசிரியர். நம்ம வயசுல இருந்து ஒரே ஒரு வருஷம் தள்ளி! அந்த நாற்காலியில் 53 வருஷம் இருந்தார். 1848-ல், வாயுவையோ பாதரசத்தையோ சாராமல், வெப்பத்தின் விதிகளை மட்டும் வைத்து ஒரு வெப்ப அளவை உருவாக்கலாம் என்று எழுதினார். அதுதான் இன்றைய கெல்வின் அளவின் தொடக்கம்.

காலேஜ் கட்டடத்தில் பயன்படாமல் கிடந்த ஒரு பழைய ஒயின் கிடங்கை மாணவர்களுக்கான லேப் ஆக்கினார். பிரிட்டனில் மாணவர்கள் தங்கள் கையாலேயே இயற்பியல் சோதனை செய்த முதல் லேப்களில் அதுவும் ஒன்று.

கடலுக்கடியில் ஒரு ஆர்சி சர்க்யூட்

1850-களில் தரையில் தந்திக் கம்பிகள் ஓடிக்கொண்டிருந்தன. கடலுக்கு அடியிலும் சின்னச் சின்ன தூரங்களுக்குப் போட்டிருந்தார்கள். அடுத்த ஆசை அட்லாண்டிக். அயர்லாந்திலிருந்து கனடா பக்கத்து நியூஃபவுண்ட்லாந்து வரை, கிட்டத்தட்ட 2000 மைல்.

இங்கே ஒரு சிக்கல். தரைக் கம்பியில் தட்டினால் சிக்னல் உடனே அந்தப் பக்கம் வரும். கடல் கேபிளில் அது இழுபட்டு, கரைந்து, தாமதமாக வந்தது. தாம்சன் இதற்கு ஃபூரியேவின் வெப்பக் கணக்கையே எடுத்தார். கேபிளுக்கு உள்ளே செம்பு, சுற்றி கட்டா-பெர்ச்சா என்கிற மரப்பால் உறை, அதற்கு வெளியே உப்புத்தண்ணீர். நீங்க இசிஇ, ட்ரிபிள்இ ஆளா இருந்தா இப்பவே புரிஞ்சிருக்கும்: இது ஒரு நீளமான கெப்பாசிட்டர். நீளம் கூடினால் ரெசிஸ்டன்ஸ் கூடும், கெப்பாசிட்டன்ஸும் கூடும். ரெண்டையும் பெருக்கினால் தாமதம் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் போகும். ரெண்டு மடங்கு நீளம் என்றால் நாலு மடங்கு தாமதம்.

அட்லாண்டிக் டெலிகிராஃப் கம்பெனியின் மின்சாரப் பொறுப்பாளர் வைல்ட்மேன் வைட்ஹவுஸ் இதை ஒத்துக்கவே இல்லை. அவர் படிப்பால் சர்ஜன், ஆர்வத்தால் மின்சாரக்காரர். தாம்சன் தடிமனான செம்பும் தடிமனான உறையும் கேட்டார். ஆனால் கேபிள் செய்ய ஏற்கெனவே ஆர்டர் போயாச்சு. தாம்சன் அந்தக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவராக இருந்தும் மாற்ற முடியவில்லை. அவரால் முடிந்தது, தன் லேப் மாணவர்களோடு செம்பைச் சோதித்தது. கடையில் வாங்கும் செம்புக்குச் செம்பு மின்கடத்தும் திறன் ஏகத்துக்கும் மாறுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் கேபிள் செம்பைத் தரம் பார்த்து வாங்கும் பழக்கம் வந்தது.

கேபிளை மாற்ற முடியாவிட்டால் கேட்கிற காதையாவது மாற்றலாம் என்று அவர் யோசித்தார். 1858-ல் கண்ணாடி கால்வனோமீட்டர் வந்தது. ஒரு சின்னஞ்சிறு கண்ணாடித் துண்டின் முதுகில் குட்டிக் காந்தங்களை ஒட்டி, பட்டு இழையில் தொங்கவிட்டு, அதன் மேல் விளக்கொளி விழச் செய்தார். லேசாக மின்சாரம் வந்தாலும் கண்ணாடி திரும்பும். எதிரே இருக்கும் ஸ்கேலில் ஒளிப்புள்ளி இடமோ வலமோ நகரும். அவ்வளவுதான். சிக்னல் பலவீனமா வந்தால் பரவாயில்லை, அதைக் கவனமாப் படிக்க ஆள் இருந்தாப் போதும்.

விலக முடியாத கப்பல்

1857-ல் நடந்த முதல் முயற்சியில் 300 மைலுக்கு மேல் போட்டபிறகு கேபிள் அறுந்து கடலுக்குள் போனது. 1858 ஜூனில் மறுபடி கிளம்பினார்கள். பிரிட்டனின் போர்க்கப்பல் அகமெம்னான், அமெரிக்காவின் போர்க்கப்பல் நயாகரா. ரெண்டும் நடுக்கடலில் சந்தித்து, கேபிள் நுனிகளை இணைத்து, ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே போக வேண்டும். வைட்ஹவுஸ் உடம்பு சரியில்லை என்று கப்பலேறவில்லை. அவர் வேலையைப் பார்க்க தாம்சன் சம்பளம் வாங்காமல் அகமெம்னானில் ஏறினார்.

போகும்போதே பயங்கரப் புயல். ஆயிரம் டன்னுக்கு மேல் கேபிள் ஏற்றிய கப்பல் கவிழும் அளவுக்குச் சாய்ந்தது. தப்பித்து, நடுக்கடலுக்குப் போய் ஆரம்பித்தால் மூன்று முறை கேபிள் போச்சு. ஊர் திரும்பி, கைவிடலாமா என்று விவாதித்து, ஜூலையில் மறுபடி போனார்கள். ஜூலை 29 அன்று நுனிகளை இணைத்தார்கள்.

இப்ப அகமெம்னான் இருந்த நிலைமையை யோசிச்சுப் பாருங்க. கப்பலின் பின்பக்கத்திலிருந்து கேபிள் ஒரு பிரேக் வழியாக ஓடிக் கடலுக்குள் இறங்குகிறது. கீழே ரெண்டு மைலுக்கு மேல் ஆழம். அத்தனை நீளக் கேபிளின் எடையும் அந்த ஒரு இடத்தில் தொங்குகிறது. சட்டென்று வேகம் கூட்டினால் அறுந்துவிடும். சட்டென்று நின்றால் அலை கப்பலைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் கேபிள் சுண்டி இழுபடும். வெடுக்கென்று திரும்பினால் முறுக்கிக்கொள்ளும். முதல் நாள் மாலையே, கப்பலுக்குள் சுருட்டி வைத்திருந்த கேபிளில் ஒரு இடம் அடிபட்டிருப்பது தெரிந்தது. அந்த இடம் கடலுக்குள் போவதற்குள் வெட்டி ஒட்டியாக வேண்டும். கப்பலை ஏறக்குறைய நிறுத்தி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒட்டினார்கள். அதற்கிடையில் நயாகராவிலிருந்து வந்த சிக்னலும் நின்றுபோய், தாம்சன் தவித்துப்போன பிறகு, ஒளிப்புள்ளி மறுபடி அசைந்தது.

ஆகஸ்ட் தொடக்கத்தில் அடுத்த கண்டம். சீஃப்டன் என்ற அமெரிக்கப் பாய்மரக் கப்பல் நேராக அகமெம்னானை நோக்கி வந்தது. அது விலகிப் போகும் என்று இவர்கள் நினைத்தார்கள். அது விலகவில்லை. துணைக்கு வந்த வேலரஸ் என்ற கப்பல் முன்னால் பாய்ந்து எச்சரிக்கையாகப் பீரங்கி சுட்டது. அகமெம்னானும் சுட்டது. மறுபடி மறுபடி சுட்டார்கள். சீஃப்டன் வந்துகொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல், கேபிள் போனாலும் போகட்டும் என்று அகமெம்னானே கடைசி நேரத்தில் திசையை மாற்றியது. மயிரிழையில் ரெண்டு கப்பலும் ஒன்றையொன்று கடந்தன. நல்லவேளை, கேபிள் அறுபடவில்லை.

பக்கத்தில் வந்தபிறகுதான் சீஃப்டன் மாலுமிகளுக்கு இது என்ன கப்பல், என்ன வேலை செய்கிறது என்று புரிந்தது. கொடியைத் தாழ்த்தி மரியாதை செய்து, கயிற்றேணிகளில் ஏறி நின்று ஆரவாரம் செய்தார்கள். அகமெம்னானில் இருந்தவர்களுக்கு அப்போது வந்த கோபத்தை நீங்களே கற்பனை பண்ணிக்குங்க.

ஆனா ஒரு நிமிஷம் சீஃப்டன் கேப்டன் இடத்தில் இருந்து பாருங்க. நடுக்கடலில் ஒரு போர்க்கப்பல் மெதுவாகப் போகிறது. திடீரென்று சுடுகிறார்கள். நில் என்கிறார்களா, வா என்கிறார்களா, ஆபத்தில் இருக்கிறார்களா? அவருக்கு எப்படித் தெரியும்? கப்பலின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்ற விளக்குமுறை அப்போதே இருந்தது. அது கப்பல் எந்தப் பக்கம் பார்த்துப் போகிறது என்று சொல்லும். அந்தக் கப்பலால் விலக முடியாது என்று சொல்ல ஒரு அடையாளமும் கிடையாது. பீரங்கி எவ்வளவு சத்தமாக வெடித்தாலும், அதற்கு என்ன அர்த்தம் என்று ரெண்டு பக்கமும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கவில்லை என்றால் அது வெறும் சத்தம்தான். நம்ம நெட்வொர்க்ஸ் பாஷையில் சொன்னா, புரோட்டோகால் இல்லை.

2000 வோல்ட்

1858 ஆகஸ்ட் 5 அன்று கேபிள் கரை சேர்ந்தது. ஊரே கொண்டாடியது. நியூயார்க்கில் விட்ட வாணவேடிக்கையில் அவர்களுடைய நகர மண்டபத்தின் கூரையே தீப்பிடித்தது.

கரைக்கு வந்ததும் கேபிள் மறுபடி வைட்ஹவுஸ் கைக்குப் போனது. சிக்னல் மங்கலாக வந்தது. அவர் என்ன செய்தார்? ஹை பீம் போட்டார். ஐந்தடி நீளத் தூண்டு சுருள்களை வைத்து, கிட்டத்தட்ட 2000 வோல்ட் அளவுக்குக் கேபிளுக்குள் செலுத்தினார். ஏற்கெனவே பலவீனமாக இருந்த மரப்பால் உறை அதைத் தாங்கவில்லை. இன்னொரு கூத்து: அவருடைய சொந்தக் கருவியால் செய்தியைப் படிக்க முடியாமல், தாம்சனின் கண்ணாடிக் கருவியில் படித்துவிட்டு, தன் கருவியில் வந்ததாகக் காட்டினார். கம்பெனி அவரை வேலையை விட்டு நீக்கியது. விக்டோரியா ராணி அனுப்பிய 98 சொற்கள் கொண்ட செய்தி போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது.

அந்தச் சில வாரங்களில் போன செய்திகளில் ஒன்று நம்ம நாட்டோடு தொடர்புடையது. 1857 எழுச்சிக்காக, கனடாவில் இருந்த பிரிட்டிஷ் படைப்பிரிவுகளைக் கிளம்பச் சொல்லி உத்தரவு போயிருந்தது. இனி வரவேண்டாம் என்ற ரத்துச் செய்தி இந்தக் கேபிளில் போனது. அதில் அரசுக்கு மிச்சமானது சுமார் 50,000 பவுண்டு. அதன் பிறகு கேபிள் முனகி முனகி, சில வாரங்களில் ஒரேயடியாக ஓய்ந்துபோனது. அத்தனை பேர் உழைப்பும், முதலீடும், அட்லாண்டிக் அடியில்.

வைட்ஹவுஸ் ஒருத்தர் மேலேயே பழியைப் போட்டுவிட முடியாது. கேபிளே அவசர அவசரமாகச் செய்யப்பட்டது. ஆனாலும் கடலில் பீரங்கியும் கரையில் 2000 வோல்ட்டும் ஒரே தப்புதான். எதிரில் இருப்பவருக்குப் புரியவில்லை என்றால் இன்னும் சத்தமாகச் சொல்வது. தாம்சன் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நின்றார். கொஞ்சம் மின்சாரம் அனுப்பு, நன்றாகக் கவனி.

அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1861-ல் அறிக்கை வந்தது. கேபிளைக் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் சோதிக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்டது. அந்தச் சமயத்தில் தாம்சனுக்குத் தனியாக ஒரு அடி. பனியில் கர்லிங் விளையாடும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அதன் பிறகு வாழ்நாள் முழுக்க நொண்டித்தான் நடந்தார்.

1865-ல் 211 மீட்டர் நீளமுள்ள கிரேட் ஈஸ்டர்ன் கப்பலில் மறுபடி போனார். கேபிளில் செம்பு முன்பை விட ஏறக்குறைய மூன்று மடங்கு. சுமார் 1200 மைல் போட்டபிறகு அறுந்தது. 1866-ல் திரும்பப் போய், ஜூலை 27 அன்று புதுக் கேபிளைக் கரைசேர்த்தார்கள். போன வருஷம் அறுந்த கேபிளையும் ஆழ்கடலில் கொக்கி போட்டுத் தேடி எடுத்து, இணைத்து, அதையும் முடித்தார்கள். தாம்சனுக்கு சர் பட்டம் கிடைத்தது.

அதே கிரேட் ஈஸ்டர்ன்தான் 1870-ல் பம்பாயிலிருந்து ஏடனுக்குக் கேபிள் போட்டது. அடுத்த வருஷம் மதராஸிலிருந்து பினாங்குக்கு ஒரு கேபிள் போனது. மதராஸ் அரசாங்கம் கோடைக்கு ஊட்டி ஏறி உட்கார்ந்து ஆட்சி செய்த காலம் அது. கப்பலில் வந்த லண்டன் சேதி, கடலுக்கு அடியில் பம்பாய் வந்து, தரைக்கம்பியில் நம்ம பக்கம் வர ஆரம்பித்தது.

லல்லா ரூக்

1870-ல் தாம்சனின் மனைவி மார்கரெட் நீண்ட நோய்க்குப் பிறகு இறந்தார். அதே வருஷம் அவர் 126 டன் எடையுள்ள ஒரு பாய்மரப் படகு வாங்கினார். பெயர் லல்லா ரூக். கோடை வந்தால் அதுதான் வீடு, அதுதான் லேப்.

1873-ல் பிரேசில் கேபிள் போடப் போன ஹூப்பர் கப்பலில் பழுது ஏற்பட்டு, மடீரா தீவில் ரெண்டு வாரத்துக்கு மேல் நிற்க வேண்டி வந்தது. அங்கே பிளாண்டி குடும்பத்தோடு பழக்கமானது. அந்த வீட்டுப் பெண்களுக்கு விளக்கால் மோர்ஸ் சிக்னல் அனுப்பக் கற்றுக்கொடுத்தார். அடுத்த வருஷம் லல்லா ரூக்கில் மடீராவுக்குத் திரும்பி வந்தபோது, கடலிலிருந்தே சிக்னல் போட்டு ஃபிரான்சஸ் பிளாண்டியைக் கல்யாணத்துக்குக் கேட்டார், கரையிலிருந்து சம்மதமும் சிக்னலாகவே வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1874 ஜூனில் கல்யாணம் நடந்தது நிஜம். அம்பது வயசு மாப்பிள்ளை!

படகில் இருந்தபோது மாலுமிகளின் கஷ்டம் ஒவ்வொன்றாக அவர் கண்ணில் பட்டது. கடலின் ஆழம் பார்க்கத் தடித்த சணல் கயிறு விடுவார்கள், அதற்குக் கப்பலையே நிறுத்த வேண்டும். அவர் பியானோ கம்பியை எடுத்தார். மெல்லிசு, தண்ணீரில் இழுவிசை குறைவு. ஓடிக்கொண்டே ஆழம் பார்க்க முடிந்தது. இரும்புக் கப்பலில் திசைகாட்டி தப்புக் காட்டும். 1858-லேயே நயாகரா தன் வயிற்றில் இருந்த இரும்புக் கேபிளால் திசை தவறி, துணைக் கப்பல் முன்னால் போய் வழிகாட்ட வேண்டியிருந்தது. லேசான ஊசிகளும் காகிதத் தட்டும் பட்டு நூலும் வைத்து ஒரு திசைகாட்டி செய்தார். பக்கத்தில் ரெண்டு இரும்புக் குண்டுகள் வைத்து கப்பலின் காந்தத்தைச் சரிக்கட்டினார். கடல் ஓதம் ஏறி இறங்குவதை முன்கூட்டியே கணக்கிட ஒரு இயந்திரம் செய்தார். அதே கொள்கையில் எட்வர்ட் ராபர்ட்ஸ் 1879-ல் இந்தியத் துறைமுகங்களுக்காக ஒன்றை உருவாக்கினார்.

கலங்கரை விளக்கங்களையும் அவர் விடவில்லை. அன்று பல விளக்கங்கள் சும்மா எரிந்துகொண்டிருக்கும். தூரத்தில் தெரிவது எந்த ஊர் விளக்கம், அல்லது வேறு கப்பலின் விளக்கா, குழப்பம்தான். ஒவ்வொரு விளக்கமும் குறிலும் நெடிலுமாக மின்னித் தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும் என்று அவர் வாதாடினார். வெளிச்சம் அதிகமாக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அர்த்தம் வேண்டும் என்றார்.

மூணு விளக்கு

சீஃப்டன் சம்பவத்தில் காணாமல் போயிருந்த அந்த அர்த்தம் கடைசியில் எப்படி வந்தது? இதை கெல்வின் எழுதவில்லை, தெளிவாச் சொல்லிடறேன். பல நாடுகள் உட்கார்ந்து பேசி எழுதியது. 1884-ல் பாரிஸில் கடல் கேபிள்களைக் காக்க ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. கேபிள் வேலையில் இருக்கும் கப்பல் அதற்கான அடையாளத்தைக் காட்டினால், மற்றவர்கள் குறைந்தது ஒரு கடல் மைல் தள்ளிப் போக வேண்டும். 1889-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசக் கடல்சார் மாநாட்டின் விதிகளில் அடையாளம் இப்படி: ராத்திரியில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூணு விளக்கு. மேலே சிவப்பு, நடுவில் வெள்ளை, கீழே சிவப்பு. பகலில் மேலும் கீழும் சிவப்பு உருண்டை, நடுவில் வெள்ளை டைமண்ட் வடிவம்.

இன்று நடப்பில் இருப்பது 1972-ல் உருவாகி 1977-ல் அமலுக்கு வந்த மோதல் தடுப்பு விதிகள். கேபிள் கப்பல் மட்டுமில்லை, செய்கிற வேலையால் விலக முடியாத எல்லாக் கப்பலும் இதில் வரும். தூர்வாரும் கப்பல், கடலடி அளக்கும் கப்பல், விமானம் ஏற்றி இறக்கும் கப்பல், ஓடிக்கொண்டே இன்னொரு கப்பலுக்கு எரிபொருள் தருகிற கப்பல். ராத்திரிக்கு அதே சிவப்பு, வெள்ளை, சிவப்பு. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும். பகல் வடிவங்கள் மட்டும் கறுப்பாகிவிட்டன: உருண்டை, டைமண்ட், உருண்டை. உருண்டையின் விட்டம் குறைந்தது 0.6 மீட்டர். தூர்வாரும் கப்பல் இன்னும் ஒரு படி மேலே போய், அடைபட்ட பக்கத்தில் ரெண்டு சிவப்பு, போகக்கூடிய பக்கத்தில் ரெண்டு பச்சை காட்டும். மூடுபனியில் விளக்கு தெரியாதபோது ஒரு நீண்ட ஊதல், ரெண்டு குட்டி ஊதல், ரெண்டு நிமிஷத்துக்கு மிகாத இடைவெளியில்.

இதிலே எனக்குப் பிடிச்ச நுணுக்கம் ஒண்ணு. என்ஜின் பழுதாகியோ சுக்கான் உடைந்தோ கட்டுப்பாடே போன கப்பலுக்கு அடையாளம் வேறு. ரெண்டு சிவப்பு மட்டும். நம்ம மூணு விளக்கில் கூடுதலாக இருக்கிற அந்த வெள்ளை சொல்வது இதுதான்: நான் பழுதாகவில்லை, விட முடியாத ஒரு வேலையில் இருக்கிறேன். என்ஜின் கப்பல், பாய்மரப் படகு, மீன்பிடிப் படகு எல்லாமே அதற்கு விலகிப் போக வேண்டும். ஏறி வர்ற சிமென்ட் லாரி மாதிரி. ஆனா சும்மா பந்தாவுக்கு அந்த விளக்கைப் போட முடியாது. வேலை நடக்கிறவரைக்கும்தான் அந்த உரிமை.

கடைசி வருஷங்கள்

1892-ல் அவருக்குப் பிரபு பட்டம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடுகிற கெல்வின் என்ற சின்ன ஆற்றின் பெயரை எடுத்துக்கொண்டார். நாம தினம் எழுதுற அந்த எழுத்து ஒரு ஆத்தோட பேரு!

அவர் தப்பே செய்யாதவர் இல்லை. பூமி எவ்வளவு காலமாக ஆறிக்கொண்டிருக்கிறது என்று கணக்குப் போட்டு, அதன் வயது சில கோடி வருஷம்தான் என்றார். பாறைகளைப் படித்தவர்கள் அது போதாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பலவீனமான சிக்னலைக் கேட்பதில் மன்னனான அவருக்கு அந்தச் சிக்னல் மட்டும் கேட்கவில்லை. பூமியின் வயது சுமார் 450 கோடி வருஷம் என்று இன்று நமக்குத் தெரியும். அந்த விஷயத்தில் அவரே விலக முடியாத கப்பலாகிவிட்டார். விளக்குதான் போடவில்லை.

1899-ல், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓட ஆரம்பித்த அதே வருஷம், அவர் ஓய்வு பெற்றார். உடனே அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகப் பெயரைப் பதிவு செய்துகொண்டார். 1907 டிசம்பர் 17 அன்று காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

இந்தக் கட்டுரையை நீங்க ஆன்லைன்ல படிக்கிறீங்க. வெளிநாட்டு சர்வர்ல இருக்கிற எதையாவது அடுத்து திறந்தீங்கன்னா, பெரும்பாலும் அது கடலடிக் கேபிள் வழியாத்தான் உங்களுக்கு வரும். 2008 ஜனவரி கடைசியில் எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா பக்கத்தில் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவில் இன்டர்நெட் தடுமாறியது. நம்ம சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு, 2020 ஆகஸ்டில் திறந்தார்கள். இப்பவும் கேபிளை எடுத்து ஒட்ட ஒரு கப்பல்தான் போகணும். அலையில், மெதுவாக, விலக முடியாமல்.

அடுத்த தடவை கடற்கரையில் ராத்திரி நிற்கும்போது தூரத்தில் மேலிருந்து கீழாக சிவப்பு, வெள்ளை, சிவப்பு தெரிஞ்சா, கொஞ்சம் பாருங்க. அந்தக் கப்பல் யாரையும் பார்த்துக் கத்தலை, பீரங்கி சுடலை. மூணு விளக்கை ஏத்தி வெச்சுட்டு வேலையைப் பார்த்துக்கிட்டிருக்கு. அதோட அர்த்தம் தெரிஞ்சவங்க தாங்களாவே விலகிப் போறாங்க. இப்ப உங்களுக்கும் அந்த அர்த்தம் தெரியும்.